பர்மனென்ட் சாமியும் ஒரு வாய் போர்ட்டரும்

ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள். மலைக்குப் போய்த் திரும்பியதும் மாலையைக் கழற்றிவிடுவார்கள். சாமிக்கும் அது வசதி, வீட்டில் இருப்பவர்களுக்கும் வசதி. பட்டாபிராமில் குடியிருக்கும் பக்தவத்சலம் எட்டு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை முதல் தேதி போட்ட மாலையைக் கழற்றவே இல்லை. ஆண்டுதோறும் இருமுடி கட்டிக்கொண்டு போவார், படி ஏறுவார், கும்பிடுவார், மாலையோடு போனவர் மாலையோடு திரும்பி வருவார். கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால், இரண்டு வேளை குளியல், வெங்காயம்கூட இல்லாத சாப்பாடு. மற்றவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை வரும் விரதம் அவருக்கு வாழ்க்கையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் கிரேன் ஓட்டியவர். காலில் பூட்ஸ் இல்லாமல் வேலை நடக்கும் ஷாப்புக்குள் யாரையும் விடமாட்டார்கள். ஆகவே தினமும் கேட்டில் ஐயப்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பூட்ஸை மாட்டுவார்; வேலை முடிந்து வெளியே வந்ததும் கழற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ரயிலடிக்கு நடப்பார். அங்கேதான் அந்தப் பெயர் வைத்தார்கள். "மத்தவன்லாம் காண்ட்ராக்ட் சாமி, நைனா. நம்மாளு பர்மனென்ட்." ரிட்டயர்மென்டுக்குப் பிறகு வேலை போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வளவு பக்திக்கு எது காரணம் என்று கேட்டால், குடிதான். மாலை கழுத்தில் இருந்தால் அவர் குடிக்க மாட்டார். இல்லாவிட்டால் குடிப்பார். நடுவில் ஒரு நிலை அவருக்கு வாய்க்கவே இல்லை. ஒரு காலத்தில் குடிப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. கிரேன் ஓட்டுவது அதற்கான செலவை ஈடுகட்ட. அப்போதும் வருடத்துக்கு ஒருமுறை மாலை போடுவார். மனைவி கமலம் அந்த ஒன்றரை மாதம் குடும்பம் நடத்துவாள், மற்ற மாதங்களில் காவல் காப்பாள். மலையிலிருந்து திரும்பும் வேன் எங்கே நிற்கும், எந்தக் கடை வாசலில் மாலை கழுத்தைவிட்டு இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரே மகள் ரேணுகா. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது கமலம் ஒரு வேலை கொடுத்தாள். அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டு வாயை மோந்து பார்த்து, அடுப்படிக்கு வந்து சொல்ல வேண்டும். "பிராந்திம்மா." "இன்னைக்கு ரம்மு." "ரெண்டும் கலந்து அடிச்சிருக்காரு." எது என்பதை வைத்து அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கமலம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வாள், ரம் என்றால் கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைப்பாள். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வது பாசத்தினால் என்று பக்தவத்சலம் பல காலம் நம்பிக்கொண்டிருந்தார். அதுவும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

அந்த மூக்குதான் பிற்பாடு ரேணுகாவுக்குச் சோறு போட்டது. பயோடெக்னாலஜி படித்துவிட்டு பெங்களூரில் பீர் தயாரிக்கும் ஒரு சிறிய இடத்தில் இன்டர்வியூவுக்குப் போனாள். ஐந்து கிளாஸ் வைத்து எதில் என்ன கோளாறு என்று கேட்டார்களாம். ஐந்தையும் சொல்லிவிட்டாள். எங்கே பயிற்சி எடுத்தாய் என்றார்களாம். "வீட்டுலதான்" என்றாளாம். அவள் செய்யும் வேலைக்குத் தமிழில் கௌரவமான சொல் கிடையாது. இருக்கும் ஒன்று, காய்ச்சுகிறவர் என்பது, போலீஸ் வழக்குகளில் வருவது. வெள்ளானூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பக்தவத்சலம் "ஃபுட் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தார்.

கமலம் இறந்தது ஒரு மார்கழியில். அப்போது அவர் மாலை போட்டிருந்தார். வீட்டில் சாவு விழுந்தால் மாலையைக் கழற்றிவிட வேண்டும் என்பது முறை. எதிர் வீட்டில் இருக்கும் குருசாமி கங்காதரன் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்கு முன்பே கழற்றிவிட்டார். முறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. மாலை இறங்கிய கழுத்தோடு பக்தவத்சலம் பின்வாசல் வழியாக எங்கே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. சுடுகாட்டில் அவரால் நிற்க முடியவில்லை. கொள்ளிச் சட்டியை ரேணுகா தூக்கினாள். அது எதுவும் அவருக்கு நினைவில்லை. பிறர் சொல்லித்தான் தெரியும். தன் மனைவியின் சாவுக்குத் தான் போகவில்லை என்றுதான் இன்றைக்கும் அவருக்குத் தோன்றும்.

தீட்டு என்பதால் அடுத்த ஒரு வருடம் மாலை போடக்கூடாது. அந்த வருடத்தை விவரிக்க வேண்டியதில்லை. ரேணுகா பெங்களூருக்குப் போனது அந்த வருடத்தில்தான். வருடம் முடிந்த கார்த்திகையில் போட்டதுதான் இந்த மாலை. முதல் முறை மலைக்குப் போய் வந்து அவர் கழற்ற மறுத்தபோது கங்காதரன் கோபப்பட்டார்.

"இது இன்னா சாமி புது முறை? வருசம் பூரா போட்டுக்கினா அதுக்கு மரியாத கீதா?"

"கழட்டுனா குடிப்பேன், சாமி."

கங்காதரன் சாத்திரம் தெரிந்தவர்தான், ஆனால் எதிர் வீட்டுக்காரரும்கூட. "சரி, இருந்துட்டு போட்டும்" என்று போய்விட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அழைக்கக்கூடாது. பெண்டாட்டி பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் அவர் சாமி. அவருக்கும் எல்லாரும் சாமி. பால்காரர் சாமி, டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் சாமி, குறுக்கே வரும் நாயும் சாமிதான். ரேணுகா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்டீங்களா, சாமி?"

"ஆச்சு சாமி. நீங்க?"

"ஆச்சு. உடம்பு பரவால்லயா?"

"பரவால்ல சாமி. வச்சிடட்டுமா?"

எட்டு வருடமாக இரண்டு தெய்வங்கள் இப்படி வாரம் ஒரு முறை ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

போன மாதம் அவள் நேரில் வந்தாள். பெங்களூர் பஸ்ஸில் வந்து நசரத்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, காலையில் வாசலில் நின்றாள். பையிலிருந்து இரண்டு சுடிதாருக்கு நடுவே சுற்றி வைத்திருந்த பழுப்பு பாட்டில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்தவத்சலம் மேஜையிலிருந்து இரண்டடி நகர்ந்து நின்றார்.

"இது இன்னா சாமி?"

"போர்ட்டர். பழைய காலத்து பீர். லண்டன்ல மூட்டை தூக்கறவங்க குடிச்சதாம், அதான் அந்தப் பேரு. கப்பல்ல ஏத்தி மெட்ராஸுக்கும் அனுப்பியிருக்காங்க, சிப்பாய்ங்களுக்கு. நம்ம பூந்தமல்லில வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்துச்சில்ல? அவங்களும் குடிச்சிருப்பாங்க. பழைய குறிப்பெல்லாம் தேடிப் படிச்சு நானே போட்டேன். ஆறு மாசம் மரப் பீப்பாய்ல இருந்துச்சு. எங்க ஓனர் பூனமல்லின்னே பேர் வச்சிட்டாரு."

"நல்லது சாமி."

"புதன்கிழமை அதை முதல்முதலா ஊத்தறோம். எல்லார் வீட்டுலருந்தும் வராங்க. எங்கூட வேலை செய்யறவளோட அம்மா அப்பா மங்களூர்லருந்து வராங்க." அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கும் அப்பா வேணும். சாமி வேணாம்."

அப்பா. அந்த வார்த்தையைப் பக்தவத்சலம் கேட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அவரைப் பார்த்துச் சொன்னதாகக்கூட அது இல்லை, யாரோ ஊரில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது.

"கழட்டுனா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியும் சாமி."

"தெரியும். ஆனா அப்ப வீட்டுல சண்டை, அழுகை, அம்மா ஒரு பக்கம். இப்ப நான் இருக்கேன். ஒரே ஒரு வாய். குடிக்கச் சொல்லலை, ருசி பாக்கச் சொல்றேன். நாங்கல்லாம் தினம் பத்து வாய் ருசி பாக்கறோம், யாரும் விழுந்து கிடக்கறதில்ல. ஒரு வாய் குடிச்சிட்டு நிறுத்த முடியும்னு உங்களுக்கே தெரிஞ்சிட்டா அப்புறம் எதுக்கு மாலை?"

படித்த பெண். எத்தனை சதவீதம் சாராயம் எத்தனை நாளில் ஊறும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள். ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு என்பது அவள் தொழிலின் முதல் பாடம். தன் அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவர் என்பது மட்டும் அவளுக்கு அந்த நிமிடம் மறந்துபோயிற்று. பக்தவத்சலத்துக்கு மறக்கவில்லை. ஆனால் எட்டு வருடத்தில் முதன்முறையாக ஒருவர் அவரிடம் ஒன்றைக் கேட்டிருந்தார்; அதுவும் அவரையேதான் கேட்டிருந்தார். அவர் எதிர் வீட்டுக்குப் போய்க் குருசாமியைக் கூட்டிவந்தார்.

கங்காதரனுக்கு ஒரே சந்தோஷம். "பொண்ணு விசேசமா? சொல்ல கூடாதா சாமி, எட்டு வருசமா இதுக்குத்தானே காத்துக்கினு கீறேன்." தேங்காய் உடைத்து, சரணம் சொல்லி, மாலையைக் கழற்றிப் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தார். மேஜைமேல் பாட்டில் இல்லை. ரேணுகா அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். கழுத்தில் மாலை இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு தெரிந்தது. பக்தவத்சலம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

குருசாமி போனதும் ரேணுகா, "அப்பா" என்றாள்.

"ம்."

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்ட்டேன்."

சாம்பாரில் வெங்காயம் போட்டாள். அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்பா, உப்பு போதுமா. அப்பா, மோர் ஊத்தட்டுமா. அப்பா, அந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது. தேவைக்கு மேலேயே கூப்பிட்டாள். அவரும் தேவைக்கு மேலேயே "இன்னாம்மா, ரேணு" என்றார். தெருவில் போகிறவர் பார்த்தால் இந்த வீட்டில் யாருக்கோ காது மந்தம் என்று நினைத்திருப்பார்.

சாப்பாடு முடிந்து அவள் பாட்டிலை எடுத்து வந்தாள். ஃபிரிட்ஜில் இருந்த சில்லிப்பு போகட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாதாம். இரண்டு டம்ளரில் விரற்கடை அளவுக்கு ஊற்றினாள். கறுப்பாகத் தெரிந்தது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரத்தில் செம்மண் நிறமாக இருந்தது. நுரை கேழ்வரகுக் கஞ்சி போல் பழுப்பாக நின்றது.

"முதல்ல மோந்து பாருப்பா. அப்புறம் வாய்ல வச்சிக்கோ. உடனே முழுங்கிடாத."

அவர் மோந்து பார்த்தார். வாயில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

முப்பது வருடம் குடித்த மனிதர் எந்த மதுவின் ருசியையும் அறிந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. நாக்கில் தங்கும் வேகத்தில் அவர் எதையும் குடித்ததில்லை. தொண்டையைத் தாண்டினால் போதும் என்றுதான் எல்லாம் உள்ளே போயிருந்தன.

"சொல்லுப்பா."

"சிக்கரி தூக்கலா போட்ட காபி மாரி கீது மொதல்ல." விழுங்கிவிட்டு யோசித்தார். "அப்பால கருப்பட்டி. கடேசில ஒரு புளிப்பு, பழைய சோத்துத் தண்ணி மாரி. அது தப்பா?"

"இல்லப்பா, அதுதான் வேணும். பீப்பாய்ல கிடந்தா வரும். நடுவுல ஒண்ணு வருதா? கருகின மாதிரி? அதுக்கு என்ன பேர் எழுதறதுன்னே தெரியலை. காபி இல்ல, சாக்லேட் இல்ல."

அவர் டம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"கேவுரு," என்றார். "உங்கம்மா கூழுக்கு கேவுரு மாவ அடுப்புல வறுக்க வச்சிட்டு எதுத்த ஊட்டுக்குப் பேசப் போயிடுவா பாரு. அடி புடிச்சிக்கும். வந்து சுரண்டி சுரண்டி எடுப்பா. அந்த வாசன."

ரேணுகா தன் டம்ளரை மோந்து பார்த்தாள். வெகுநேரம் மூக்கை எடுக்கவில்லை. பெங்களூரில் பழைய புத்தகங்களைப் புரட்டி, சீமையிலிருந்து புகை போட்ட தானியம் வரவழைத்து, ஆறு மாதம் பீப்பாய்க்குக் காவல் இருந்து அவள் செய்து முடித்தது பட்டாபிராம் அடுப்படியில் கமலம் தீய்த்த மாவை. வரலாறு என்று ஓனர் போர்டில் எழுதப் போகிறார்.

"ஆமாம்பா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்மாதான்."

அவரும் சிரித்தார். அந்த அரை மணி நேரம் அவர்கள் கமலத்தைப் பற்றிப் பேசினார்கள். அவள் எப்படி ரேஷன் கடைக்காரரைத் திட்டுவாள், எப்படித் தூக்கத்தில் பாட்டு முணுமுணுப்பாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அவள் இறந்த பிறகு இருவரும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. சாமிகளுக்கு ஏது பெண்டாட்டி, ஏது அம்மா. பேச்சினூடே பக்தவத்சலத்தின் கை தானாகப் போய் டம்ளரில் மிச்சமிருந்ததை எடுத்துக் கவிழ்த்தது.

அந்த இரண்டாவது வாயில் காபியும் இல்லை, கருப்பட்டியும் இல்லை, கமலமும் இல்லை. அது வேறொரு ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆள் எட்டு வருடமாக உள்ளே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது பக்தவத்சலத்துக்குத் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரேணு, கங்காதரனக் கூப்டு. மாலயப் போடச் சொல்லு."

"இப்பயா? ஏம்பா? நல்லாத்தானே இருக்கே."

"கூப்டும்மா."

கங்காதரன் வந்தார். தாம்பாளத்தை எடுத்தவர் பக்தவத்சலத்தின் பக்கம் குனிந்ததும் நின்றார். மாலையைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தார்.

"இன்னா சாமி இது, வாயில வாசன கீது."

"ஒரு வாய்தான் சாமி. போட்டு உட்டுடு."

"ஒரு வாய்னாலும் ஒம்பது வாய்னாலும் ஒண்ணுதான். இந்த வாய வச்சிக்கினு எப்டி சரணம் சொல்லுவ? நாளிக்கி காலைல தல குளிச்சிட்டு கோயிலுக்கு வா, போட்டு உடறேன்."

"நாளிக்கி வரைக்கும் இன்னா பண்ணுவேன்?"

கங்காதரன் ரேணுகாவைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குச் சாத்திரத்தில் பதில் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு முறையை வளைத்துக்கொடுத்தவர்தான். ஆனால் மூக்கில் ஏறிய வாசனையை இல்லையென்று சொல்ல அவரால் ஆகவில்லை. "பொண்ணு கீதில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேணுகா அன்று சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸுக்குப் போகவில்லை. டிக்கெட் வீணாயிற்று. பாட்டிலில் முக்கால் பங்கு இருந்தது. அவள் அதை மூடி அடுப்படி அலமாரியில் வைத்தாள். பக்தவத்சலம் பேச ஆரம்பித்தார். அவ்வளவு இனிமையாக அவர் பேசி அவள் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

"ரேணு கண்ணு. எவ்ளோ பெரிய ஆளாயிட்ட. உங்கம்மா பாக்க குடுத்து வைக்கல."

"ஆமாம்பா."

"புதங்கெழம வரேன். சட்ட எடுக்கணும். வெள்ள சட்ட போட்டா நல்லாருக்குமா?"

"நல்லாருக்கும்பா."

"அந்தக் கேவுரு வாசன நெஜமாவே அதானான்னு சந்தேகமா கீது. இன்னொரு தபா பாத்து சொல்லிடறேன். தப்பா எழுதிடப் போற."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சம்பள நாளிலும் வாசலில் நின்று கமலத்திடம் புன்னகைத்தது அதே மாதிரிதான்.

"வேணாம்பா."

"ஒரு வாய்தாண்டா. உன் கையால செஞ்சது. பெத்த அப்பனுக்கு இல்லாத பீரு எவனுக்கோ ஊத்தப் போறியா?"

ரேணுகா அடுப்படிக்குப் போனாள். தொட்டியில் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஆறு மாதம் ஊறியது அரை நிமிடத்தில் போயிற்று. வீடு முழுக்கக் கருகிய கேழ்வரகு மணந்தது. அவள் திரும்பி வந்தபோது பக்தவத்சலம் வாசலில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். செருப்பு. எட்டு வருடமாக வீட்டில் அவருக்குச் செருப்பு கிடையாது என்பது அவருக்கு ஞாபகம் வர நேரமாயிற்று. வெறுங்காலோடு கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தார்.

அவள் குறுக்கே வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எங்கப்பா போறே?"

"சும்மா. ஸ்டேசன் வரைக்கும். காத்தாட."

"அப்பா, வேணாம்பா. ப்ளீஸ்பா."

"வழி உடு."

"அப்பா."

"அப்பா அப்பான்னு சும்மா கூவிக்கினே இருந்தா ஆச்சா? நீதான் கேட்ட அப்பா வேணும்னு. வந்தாச்சில்ல. உடு வழிய."

அவர் கை அவள் தோளைப் பற்றியது. தள்ளுகிற பிடி. அவளுக்குப் பழக்கமான பிடிதான். அவள் அம்மாவின் தோளில் பார்த்திருக்கிறாள். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் குரல்.

"சாமி," என்றாள். "உக்காருங்க, சாமி."

கழுத்தில் ஒன்றும் இல்லை. மாலை தாம்பாளத்தில் இருந்தது. வாயில் வாசனை இருந்தது. குருசாமி கொடுக்க மறுத்ததை அவள் இரண்டு எழுத்தில் கொடுத்துவிட்டாள். பக்தவத்சலம் அவள் முகத்தைப் பார்த்தார். தன்னை இனி அவள் வேறு எப்படியும் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தவுடன் கை தளர்ந்தது. எட்டு வருடப் பழக்கத்தில் உடம்பு அந்தச் சொல்லுக்குத் தானாகக் கீழ்ப்படிந்தது. அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

ரேணுகா கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். வெளியே ஒரு ரயில் சென்ட்ரலை நோக்கிப் போயிற்று.

"காபி போடட்டுமா, சாமி?"

"போடுங்க, சாமி," என்றார் பக்தவத்சலம்.